ஒரு பெயர், பல ஊர்கள்: நிலப்படத் தேடல் மென்பொருள்களில் இடப்பெயர்களை நிரற்படுத்தல்

நெடுந்தீவுக்கு ஒல்லாந்தர் இட்ட பெயர் டெல்வ்ற். 1658 ஆம் ஆண்டில் யாழ்ப்பாணக் கோட்டையைப் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றிய பின்னர், குடாநாட்டின் மேற்கே கிடக்கும் தீவுகளுக்கு அவர்கள் தம் நாட்டு நகரங்களின் பெயர்களைச் சூட்டினர். காரைதீவு அம்ஸ்ரடாம் ஆயிற்று. வேலணை லெய்டன் ஆயிற்று. புங்குடுதீவு மிடெல்பேர்க் ஆயிற்று. ஏனைய பெயர்கள் பெரும்பாலும் வழக்கொழிந்துபோக, டெல்வ்ற் என்பது மட்டும் ஆங்கிலேயர் காலத்தையும் கடந்து ஆங்கில நிலப்படங்களிலும் அரச பதிவேடுகளிலும் இன்றுவரை நிலைத்திருக்கின்றது.

இப்பெயரை ஆங்கில எழுத்தில் ஒரு நிலப்படத் தேடல் மென்பொருளிடம் கொடுப்போமாயின் அது எதனை முதலிற் காட்டுதல் வேண்டும்? நெதர்லாந்திலுள்ள டெல்வ்ற் ஓர் இலட்சத்துக்கு மேற்பட்ட மக்கள் வாழும் நகரம். பெயர்பெற்ற தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் ஒன்றை உடையது. நீலமும் வெள்ளையுமான மட்பாண்டங்களால் உலகறிந்தது. நெடுந்தீவோ சில ஆயிரம் மக்களையும் பனைகளையும் குதிரைகளையும் முருகைக்கல் வேலிகளையும் உடைய ஒரு தீவு. உலகெங்குமிருந்து இப்பெயரைத் தேடுவோருள் மிகப் பெரும்பான்மையோர் ஒல்லாந்த நகரத்தையே கருதுவர். ஆதலின் அதனை முதலிற் காட்டும் மென்பொருள் தவறிழைத்தது எனக் கூறிவிட முடியாது. ஆயின் குறிகட்டுவான் இறங்குதுறையிற் படகுக்காகக் காத்துநிற்கும் ஒருவர் கேட்கும்போது அதே விடை அவருக்கு எவ்வகையிலும் பயன்படாது. ஒரே வினாவுக்குரிய சரியான விடை, கேட்பவர் யார் என்பதைப் பொறுத்து வேறுபடுகின்றது. இச்சிக்கலை மென்பொருள்கள் எவ்வாறு எதிர்கொள்கின்றன என்பதையும், அம்முறைகள் எம்மூர்ப் பெயர்களைப் பொறுத்தவரை எங்கே வழுவுகின்றன என்பதையும் இக்கட்டுரையில் நாம் விளக்க முற்படுகின்றோம்.

சொல்லாட்சி பற்றி ஒரு குறிப்பு. பல விடைகளை முன்பின்னாக ஒழுங்குசெய்யும் செயலை நாம் நிரற்படுத்தல் என்கின்றோம். தரப்படுத்தல் என்னும் சொல் கைக்கெட்டும் தூரத்தில் உள்ளதெனினும், பல்கலைக்கழகத் தமிழ் மாணவர் மத்தியில் 1970 களிலிருந்து அச்சொல்லுக்கு வேறொரு வரலாறு உண்டு; ஆதலால் அதனைத் தவிர்த்துள்ளோம்.

மென்பொருள் ஊர்களை அறிவதில்லை. ஊர்ப் பட்டியல்களை மட்டுமே அறியும். இத்தகைய பட்டியல் இடப்பெயர்க் கோவை எனப்படும். 2005 ஆம் ஆண்டளவில் தொடங்கப்பெற்ற ஜியோநேம்ஸ் என்னும் கோவையில் ஒரு கோடியே பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட இடங்கள் பதிவாகியுள்ளன. 2004 ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஆரம்பிக்கப்பட்டுத் தன்னார்வலர்களால் வளர்க்கப்பட்டுவரும் ஓப்பன் ஸ்ரீற் மப் என்பது நிலப்படமாகவும் கோவையாகவும் ஒருங்கே பயன்படுவது. அதன் தரவுகளினின்றும் விடைதேடித் தரும் மென்பொருள் நொமினற்றிம் எனப்படும். கோவையின் ஒவ்வொரு பதிவிலும் இடத்தின் பெயரும் மாற்றுப் பெயர்களும், அகலாங்கும் நெட்டாங்கும், அது நகரமா கிராமமா ஆறா மலையா என்னும் வகையும், எந்த மாவட்டத்துள் எந்த நாட்டினுள் அடங்குவது என்னும் படிநிலையும் இடம்பெறும். குடித்தொகையும் சிலவேளை இருக்கும். இந்தச் 'சிலவேளை' என்பதற்குப் பின்னர் வருவோம்.

தேடல் இரு கட்டங்களாக நிகழ்கின்றது. முதலாவது, கேட்கப்பட்ட எழுத்துத்தொடருக்குப் பொருந்தும் பதிவுகளையெல்லாம் திரட்டுதல். இரண்டாவது, திரட்டியவற்றை நிரற்படுத்துதல். எமது கட்டுரைப்பொருள் இரண்டாவதே. ஆனால் முதற் கட்டத்திலே தவறவிடப்பட்ட ஊருக்கு எந்த நிரலிலும் இடம் கிடையாது ஆகையால், தமிழெழுத்துத் தொடர்பான இரண்டொரு செய்திகளைக் கூறாமல் அப்பாற் செல்ல இயலவில்லை.

பூநகரிப் பகுதியில் மணற்குன்றுகளுக்குப் பெயர்போன கௌதாரிமுனையை எடுத்துக்கொள்வோம். இதன் முதலெழுத்து ஓர் ஒளகார உயிர்மெய். ஆயின் தட்டச்சுச் செய்வோரிற் பலர் ஒற்றைக் கொம்பையும் ககரத்தையும் ளகரத்தையும் வரிசையாக இட்டு 'கெளதாரிமுனை' என எழுதிவிடுகின்றனர். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும்; கணினிக்கு அவை வேறு வேறு சொற்கள். ஒருங்குறியில் 'கொ' என்பதையும் இருவகையாகக் குறியேற்றலாம். இவ்விரண்டையும் ஒன்றாக்குவதற்கு வரையறுத்த நெறி உண்டு. பெரும்பாலான மென்பொருள்கள் அதனைப் பின்பற்றுகின்றன. ளகர மயக்கத்துக்கு அத்தகைய நெறி இல்லை. அடுத்து, காரைதீவு, காரைத்தீவு என ஒற்று மிக்கும் மிகாதும் வழங்கும் பெயர்கள். இவற்றை இணைப்பதற்கு எழுத்து வேறுபாடுகளை எண்ணிச் சிறிது நெகிழ்ச்சி அளிப்பர். நெகிழ்ச்சி மிகுமாயின் வேறொரு கேடு விளையும்: ஆங்கில எழுத்தில் மன்னாரைத் தேடியவருக்குச் சுற்றுலாப் பயணிகள் மொய்க்கும் கேரளத்து மூணாறு வந்து முன்னிற்கும், ஓரெழுத்தே வேறுபாடு. கேரளத்திலே வெண்கல வார்ப்புக்குப் பெயர்பெற்ற இன்னோர் ஊர் உண்டு. மலையாளத்தில் அது மகர நெடிலை உடையது. ஆங்கில எழுத்தில் எழுதும்போது நெடில் குறுகி, எமது மன்னாருக்கும் அதற்கும் எழுத்தளவில் வேற்றுமையே இல்லாதொழிகின்றது. ஒரு மொழியில் இல்லாத மயக்கம் எழுத்துமாற்றத்தினால் உண்டாக்கப்படுவதற்கு இது தக்க எடுத்துக்காட்டாகும்.

இனி நிரலுக்கு வருவோம்.

மிகப் பழையதும் மிக எளியதுமான விதி, குடித்தொகை கூடிய இடத்தை முன்வைப்பதாகும். பாரிஸ் என்றால் பிரான்சின் தலைநகர். ரெக்சாஸ் மாநிலத்துப் பாரிஸ் அன்று. கொழும்பை ஆங்கிலத்தில் எழுதினால் அதே எழுத்துகளையுடைய ஒரு நகரம் பிரேசிலின் பரனா மாநிலத்திலும் உண்டு. கொலம்பசின் பெயரால் அமைந்த அந்நகரிலும் இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்டோர் வாழ்கின்றனர். எனினும் இலங்கைக் கொழும்பு அதனினும் பெரியது ஆதலின் விதி எமக்குச் சாதகமாகவே அமைகின்றது. எமக்குச் சாதகமாக இருக்கும்போது எவரும் விதியை ஆராய்வதில்லை என்பதையும் இங்கே சொல்லிவைக்கலாம்.

இந்த விதி பெரும்பாலான சந்தர்ப்பங்களிற் சரியான விடையைத் தருவதாலேயே நிலைபெற்றது. அதன் குறை யாதெனில், குடித்தொகை என்னும் நிரல் பல பதிவுகளில் வெறுமையாக இருத்தல். ஜியோநேம்ஸ் கோவையில் குடித்தொகை அறியப்படாத ஊர்களுக்கு அவ்விடத்திற் சுழியமே காணப்படும். அறியோம் என்பதும் எவரும் இல்லை என்பதும் ஒரே எண்ணாகிவிடுகின்றன. மென்பொருளுக்கு இவ்விரண்டையும் வேறுபடுத்தும் வழியில்லை.

இதன் விளைவை ஒரு சிறு கணக்கினால் விளக்குவோம். குடித்தொகையை அவ்வாறே கொள்ளாது அதன் மடக்கையைக் கொள்வது வழக்கம். பெருநகரங்கள் ஏனையவற்றை முற்றாக விழுங்கிவிடாதிருத்தற்பொருட்டு இவ்வாறு செய்வர். அருகிலுள்ள இடத்துக்கு முதன்மை கொடுக்க வேண்டுமாகையால், கேட்பவருக்கும் இடத்துக்குமுள்ள தூரத்தின் மடக்கையைக் கழிப்போம். இது எந்த ஒரு மென்பொருளினதும் சரியான வாய்பாடு அன்று. விளக்கத்துக்காக நாம் அமைத்துக்கொண்டது. ஒல்லாந்த டெல்வ்ற்றின் குடித்தொகையை 1,00,000 எனவும் நெடுந்தீவினதை 5,000 எனவும் வைத்துக்கொண்டால், மடக்கைகள் முறையே 5.0 உம் 3.7 உம் ஆகும். யாழ்ப்பாணத்தில் இருந்து கேட்பவருக்கு நெடுந்தீவு ஏறத்தாழ 40 கிலோமீற்றர், ஒல்லாந்த நகர் ஏறத்தாழ 8,200 கிலோமீற்றர், மடக்கைகள் 1.6 உம் 3.9 உம். கழித்தபின் நெடுந்தீவு 2.1 பெற, மற்றையது 1.1 பெறுகின்றது. நெடுந்தீவு முன்னிற்கும். கொழும்பில் இருந்து கேட்டால் நெடுந்தீவுக்கு 1.2, ஒல்லாந்த நகருக்கு 1.1, மயிரிழையில் தப்புகின்றது. ரொறன்ரோவில் இருந்து கேட்டால் ஒல்லாந்த நகருக்கு 1.2, நெடுந்தீவுக்குச் சுழியத்திலும் 0.4 குறைவு.

ரொறன்ரோவில் இருந்து கேட்பவர் நெடுந்தீவிற் பிறந்தவராயும் இருக்கலாம். அருகிலுள்ளவையே தம்முள் கூடிய தொடர்புடையன என்பது புவியியலாளர் வால்டோ ரொப்ளர் 1970 இல் வகுத்துக் கூறிய கருத்து. நிலவியற் பொருள்களுக்கு அது பொருந்தும். புலம்பெயர்ந்த ஒருவரின் மனத்துக்கு அது பொருந்துவதில்லை.

அதே கணக்கில் நெடுந்தீவின் குடித்தொகை பதியப்படாதிருப்பின் என்னாகும்? சுழியத்துக்கு மடக்கை கிடையாது. ஆதலால் நிரலாளர் ஒன்றைக் கூட்டி மடக்கை காண்பர். ஒன்றின் மடக்கை சுழியம். யாழ்ப்பாணத்தில் இருந்தே கேட்டாலும் நெடுந்தீவு பெறுவது சுழியத்திலும் 1.6 குறைவு, 8,200 கிலோமீற்றருக்கு அப்பாலுள்ள நகரம் 1.1 உடன் முந்திவிடும். கண்ணுக்கெட்டும் தூரத்திலிருக்கும் தீவைக் காணாமற் செய்வதற்கு நிரப்பப்படாத ஒரு கட்டம் போதுமானதாகின்றது. எமது கருத்தில் இத்துறையின் தலையாய குறை இதுவே. சிறிய ஊர்கள் பின்தள்ளப்படுவதற்குச் சிறுமை மட்டும் காரணமன்று. அவற்றைப் பற்றிய அறியாமையும் சிறுமையாகவே எண்ணப்படுகின்றது.

குடித்தொகையின் குறையை உணர்ந்தோர் வேறோர் அளவையை நாடினர். நொமினற்றிம் ஒவ்வோர் இடத்துக்கும் 0 முதல் 1 வரையான முக்கியத்துவ எண் ஒன்றை வைத்துள்ளது. அவ்விடம் பற்றி விக்கிப்பீடியாவிற் கட்டுரை உண்டாயின், அதனை நோக்கி ஏனைய கட்டுரைகளிலிருந்து வரும் இணைப்புகள் எத்தனை என்பதைக் கொண்டு இவ்வெண் கணிக்கப்படுகின்றது. கட்டுரை இல்லாத இடத்துக்கு அதன் வகையே அளவுகோல்: நாடு 4, மாநகர் 16, பட்டினம் 18, கிராமம் 19 என வகைகளுக்குத் தரவெண்கள் உள, எண் கூடக்கூட முக்கியத்துவம் குறையும். ஆகவே, எழுதப்பட்ட ஊர்கள் தம்முள் வேறுபடும். எழுதப்படாத கிராமங்கள் யாவும் ஒரே எண்ணைப் பெறும். ஒரே பெயருடைய இரு கிராமங்கள் இவ்வாறு சமநிலை எய்தும்போது எது முன்வரும் என்பது முக்கியத்துவத்துக்குத் தொடர்பில்லாத ஏதோவொரு காரணத்தாலேயே தீர்மானிக்கப்படும்.

இணைப்புகளை எண்ணும் முறை பற்றி இன்னொன்றும் அவதானிக்கத்தக்கது. புதுக்குடியிருப்பு என்னும் பெயரில் முல்லைத்தீவு மாவட்டத்திலும் மட்டக்களப்பு மாவட்டத்திலும் ஊர்கள் உண்டு. புதிதாகக் குடியேறிய இடமெல்லாம் பெறத்தக்க பெயர் அது. நல்லூர் என்பதும் அத்தகையதே. முல்லைத்தீவுப் புதுக்குடியிருப்பு 2009 ஆம் ஆண்டுப் போரின்போது உலகச் செய்திகளில் இடம்பெற்றது. அப்போர்பற்றி எழுதப்படும் கட்டுரைகள் பலவும் அப்பெயரைச் சுட்டியே செல்லும். இம்முறையில் ஓர் ஊர் முன்னிடம் பெறுவது அங்கு வாழ்வோரின் தொகையாலன்று, அங்கு நேர்ந்த அழிவினால். அமைதியாக இருந்துவந்த ஊருக்கு இணைப்புகள் சேர்வதில்லை.

இதுவரை கூறியவை யாவும் கேட்பவரை நோக்காது இடத்தை மட்டும் நோக்கிய அளவைகள். தூரம் ஒன்றே விலக்கு. இடம்நோக்கிய அளவைகளால் மட்டும் மயக்கம் தீராது என்பதைத் தமிழ் இலக்கணகாரர் நன்கறிவர். பல பொருள் ஒரு சொல் பற்றித் தொல்காப்பியம் கிளவியாக்கத்திற் பேசும்போது, அத்தகைய சொல்லின் பொருள் வினையாலும் இனத்தாலும் சார்பாலும் தெளிவுபெறும் என்கின்றது. மா பூத்தது எனின் மரம். மா ஓடிற்று எனின் விலங்கு. வினையால் வேறுபடாதவற்றைச் சொல்லுவோன் தெரித்தே சொல்லவேண்டும் என்பதும் அங்கே விதிக்கப்பட்டுள்ளது. இலக்கணத்தை இக்காலப் பொறியியலுக்கு முன்னோடி எனக் காட்டும் ஆர்வம் எமக்கில்லை. அத்தகைய கட்டுரைகள் வேண்டிய அளவு வந்துவிட்டன. ஆனால் இம்மூன்று சொற்களும் இங்கு பாகுபாட்டுக்கு மிகப் பொருத்தமாக அமைகின்றன.

வினை என்பது, கேட்பவர் என்செய்யக் கேட்கிறார் என்பது. பேருந்து வழி கேட்பவருக்குக் கண்டங்கடந்த விடை பொருளற்றது. பழைய நூலொன்றைப் படிப்பவருக்கு அது பொருளுடையதாகலாம். சார்பு என்பது, கேட்டவரின் மொழி, அவர் திரையில் அவ்வேளை விரித்துவைத்திருக்கும் நிலப்படப் பகுதி, சற்றுமுன் தேடியவை முதலாயின. நொமினற்றிம் முதலியவற்றில் ஒரு நாட்டுக்குள் மட்டும் தேடுமாறும், குறித்த நிலப்படப் பகுதிக்கு முதன்மை கொடுக்குமாறும் பணிக்கலாம். ரொறன்ரோவிலிருந்து ஒருவர் நல்லூர் என்று தமிழெழுத்திற் கேட்கும்போது, அவர் நிற்குமிடத்தைவிட அவர் எழுதிய எழுத்தே கூடிய செய்தி தருகின்றது. அதனாலும் யாழ்ப்பாணத்து நல்லூரா, மூதூர்ப் பகுதியிலுள்ள நல்லூரா, தமிழ்நாட்டிலுள்ள பல நல்லூர்களுள் ஒன்றா என்பது தீராது.

இனம் என்பது உடன்வரும் பெயர்கள். இதனைப் பழைய நூல்களில் வரும் இடப்பெயர்களுக்கு முறையாகப் பிரயோகித்தவர்கள், பேர்சியஸ் மின்னூலகத்தைச் சேர்ந்த டேவிட் ஸ்மித், கிறெகரி கிறேன் ஆகிய இருவர். 2001 ஆம் ஆண்டில் வெளிவந்த அவர்களது கட்டுரையின்படி, ஒரு நூலில் வரும் இடப்பெயர்களுக்கு இயலக்கூடிய எல்லா இடங்களையும் நிலப்படத்திற் குறித்து, அவற்றின் நடுப்புள்ளியைக் கணித்து, அதிலிருந்து இரு நியம விலகல்களுக்கு அப்பாற் கிடப்பவற்றை நீக்கி, எஞ்சியவற்றுக்கு மீண்டும் நடுப்புள்ளி காண்பர். பின்னர் ஒவ்வோர் இடமும் அந்நடுப்புள்ளிக்கும், வாசகத்தில் அருகே வரும் ஏனைய பெயர்களுக்கும் எவ்வளவு அண்மையில் உள்ளது, தன்னளவில் எவ்வளவு முக்கியமானது என்பவற்றைக் கொண்டு மதிப்பிடப்படும். கிரேக்க வரலாற்று நூல்களில் இம்முறை மிக நன்றாகவும், அமெரிக்க வரலாற்று நூல்களிற் சற்றுக் குறைவாகவும் பயன்தந்தது. காரணம் வெளிப்படை: குடியேறியோர் தம் பழைய ஊர்ப் பெயர்களைச் சுமந்துசென்று மீளமீள இட்ட நாடு அது. எடின்பரோவில் 2007 இல் யொக்கன் லைட்னர் இத்துறையில் எழுதிய கலாநிதிப் பட்ட ஆய்வேடும், ஒரு வாசகத்தில் ஒரு பெயர் ஓரிடத்தையே குறிக்கும், உடன்வரும் பெயர்கள் இயன்றவரை சிறிய நிலப்பரப்பினுள் அடங்கும் என்னும் இரு கொள்கைகளையும் விரிவாக ஆராய்கின்றது.

எம்மூரில் இது எவ்வாறு செல்லும்? காரைதீவையே எடுத்துக்கொள்வோம். வடக்கே காரைதீவு என வழங்கிய ஊர், கிழக்கிலும் அதே பெயரில் ஓர் ஊர் இருந்தமையால் விளைந்த குழப்பத்தைத் தவிர்க்கும்பொருட்டு, இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிற் காரைநகர் எனப் பெயர் மாறிற்று. மென்பொருள்கள் தோன்றுமுன்னரே மயக்கத்தைத் தீர்த்துவைத்த செயல் அது. கிழக்கிலிருப்பது விபுலாநந்த அடிகள் 1892 இற் பிறந்த காரைதீவு. புத்தளத்துக்கு அப்பாற் கடலிற் கிடக்கும் காரைதீவு மூன்றாவது. பெயர்மாற்றத்துக்கு முற்பட்ட ஓர் ஆவணத்தில் காரைதீவு என வந்து, அருகே மூளாய், பொன்னாலை என்பன வருமாயின் அது வடக்கே. நிந்தவூர் வருமாயின் கிழக்கே. இதுவரை இடரில்லை. கல்முனை வருமாயின்? கிழக்குக் கல்முனை என்று உடனே சொல்லத் தோன்றும். ஆனால் பூநகரிப் பகுதியிலும் கல்முனை என ஒரு முனை உண்டு. வடக்குக் காரைதீவுக்கு அது மிகத் தொலைவில் இல்லை. கணக்கு கிழக்கையே தேர்ந்தெடுக்கும். பெரும்பாலும் அதுவே சரியாயும் இருக்கும். கடலோடி ஒருவரின் குறிப்பாயின் தவறலாம். டெல்வ்ற் தவறும்போது தவறு கண்ணுக்குத் தெரியும். தீவுக்குப் போக விரும்பியவர் ஐரோப்பாவைக் கண்டவுடன் திருத்திக்கொள்வார். காரைதீவு தவறும்போது விடை இலங்கைக்குள்ளேயே, கடற்கரையிலேயே, தமிழூராகவே இருக்கும்; எவரும் ஐயுறமாட்டார். ஆய்வேட்டின் நிலப்படத்தில் அந்தப் புள்ளி அப்படியே நின்றுவிடும்.

ஆய்வேட்டோடு போவதாயின் இதனை இவ்வளவு வலியுறுத்த வேண்டியதில்லை. 2004 டிசெம்பர் 26 ஆம் நாள் கடற்கோளிற் கிழக்குக் காரைதீவு பெரும் உயிரிழப்புக்கு ஆளாயிற்று. அத்தகைய வேளையில் ஊர்ப்பெயர் ஒன்றை மட்டும் தாங்கிவரும் செய்தியை எங்கே அனுப்புவது என்பதை மென்பொருள் முன்வைக்கும் முதல் விடையே தீர்மானிக்கக்கூடும். 2010 ஜனவரி 12 இல் ஹெயிட்டியில் நிலநடுக்கம் நேர்ந்தபோது 4636 என்னும் குறுஞ்செய்தி எண்ணுக்குக் கிரியோல் மொழியிலே உதவி கேட்டுச் செய்திகள் குவிந்தன. அவற்றை மொழிபெயர்த்து, குறிக்கப்பட்ட இடங்களை நிலப்படத்திற் கண்டறிந்தவர்களுட் பலர் வேறு நாடுகளில் வாழ்ந்த ஹெயிட்டியர். கோவைகளில் இல்லாத தெருக்களையும் குடியிருப்புகளையும் அவர்கள் தம் நினைவிலிருந்தே இனங்கண்டனர். எமது கணக்கிற் சுழியத்துக்குக் கீழே விழுந்த அந்தத் தொலைதூரத்து மனிதரின் அறிவே அங்கு பயன்பட்டது.

எனவே, செய்யவேண்டியவை யாவும் நிரலாளரின் கையில் இருப்பன அல்ல. வெறுங்கட்டத்தைச் சுழியமாக எண்ணாதிருத்தலும், முதலிரு விடைகளின் மதிப்பெண்கள் ஒட்டியிருக்கும்போது ஒன்றைத் தானே துணியாது இரண்டையும் மாவட்டப் பெயருடன் காட்டி 'எது?' எனக் கேட்டலும் அவர்களுக்குரியன. தெரித்துமொழிய வேண்டியவன் சொல்லுவோன் என்றால், அவனைத் தெரித்துமொழியச் செய்வது கேட்போனின் கடனாகும். தரவு எமக்குரியது. ஓப்பன் ஸ்ரீற் மப்பில் எவரும் ஓர் ஊரின் தமிழ்ப் பெயரையும் மாற்றுப் பெயரையும் பழம்பெயரையும் தனித்தனியே பதியலாம். குடிசன மதிப்பீட்டு எண்ணைச் சேர்க்கலாம். விக்கிப்பீடியாவில் ஊர்பற்றி ஒரு சிறு கட்டுரை எழுதி அதனைப் பதிவோடு இணைக்கலாம். ஊர்ப்பெருமை பேசுவதாக அன்றி, அயலூர்க் கட்டுரைகளிலிருந்து இணைப்புப் பெறுவதாக அது அமைதல் நன்று. எமது ஒன்றியங்கள் ஆண்டுதோறும் நடத்தும் ஊர்வரலாற்றுப் போட்டிகளின் கட்டுரைகள் அலுமாரிகளில் உறங்குகின்றன. அவற்றில் ஓர் ஊருக்குரிய குறிச்சிப் பெயர்கள், குளப் பெயர்கள், வயற் பெயர்கள் நிறையக் கிடக்கின்றன. இருபது மாணவர் ஒரு விடுமுறையில் அவற்றைப் பதிந்து முடிக்கலாம்.

பழம்பெயர்களைப் பதியும்போது மட்டும் ஓர் எச்சரிக்கை வேண்டும். வேலணைக்கு லெய்டன் என்றும் காரைநகருக்கு அம்ஸ்ரடாம் என்றும் வெறுமனே மாற்றுப் பெயர் இட்டால், அவை நெதர்லாந்து நகரங்களோடு போட்டியிட்டு ஒருபோதும் வெல்லமாட்டா, வெல்லவும் கூடாது. பெயர் எக்காலத்தில் வழங்கியது என்பதையும் உடன் பதிதல் வேண்டும். பிற்ஸ்பேர்க் பல்கலைக்கழகத்தில் உருவாக்கப்பட்ட உலக வரலாற்று இடப்பெயர்க் கோவை இவ்வாறே பெயர்களுக்குக் காலமும் குறிக்கின்றது.

காலம் குறியாதவிடத்து, ஒல்லாந்தர் காலத்துத் தமிழ்ப் பிரதேச ஆவணங்களைப் படிக்க முயலும் மென்பொருளுக்கு இனம் என்னும் சான்றும் கைகொடாது. அம்ஸ்ரடாம், லெய்டன், டெல்வ்ற் மூன்றும் ஒரே பத்தியில் வருமாயின், நெதர்லாந்தில் அவை ஒன்றுக்கொன்று அண்மையிலுள்ளன. யாழ்ப்பாணக் கடலிலும் அண்மையிலேயே உள்ளன. ஒல்லாந்தர் தனித்தனிப் பெயர்களை அன்றி ஒரு சுற்றாடலையே பெயர்த்துவந்து நட்டனர். நடுப்புள்ளியைக் கணித்து விலகியவற்றை நீக்கும் முறை இரு தொகுதிகளையும் ஒப்ப ஏற்றுக்கொண்டு, பின்னர் முக்கியத்துவ எண்ணை நோக்கும்; நோக்கியதும் ஐரோப்பாவுக்குச் சென்றுவிடும். அப்பத்தியில் சாயவேர் பற்றியோ பனங்கட்டி பற்றியோ ஒரு சொல் வருமாயின், எமது முதலாண்டு மாணவர் எவரும் அது எந்த அம்ஸ்ரடாம் என்பதை உடனே சொல்லிவிடுவர்.